ஸ்கேன் அறையில் நான்கு நிமிடம்

விடியற்காலை ஐந்து மணி. ஆஸ்பத்திரிக்குப் போகும் புறவழிச் சாலையில் ஈ காக்கை இல்லை. ஒரே ஒரு ஸ்கூட்டர்...

நம் தையல்காரருடைய சின்ன அத்தை அதில் போய்க்கொண்டிருந்தார். நெருங்கி உட்காருங்கள். உரக்கச் சொல்கிற கதையில்லை இது.

அத்தை நர்ஸ். ஸ்கேன் எடுக்க ஆடாமல் அசையாமல் படுக்கத் தெரியாத பிஞ்சுகளுக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். அப்போது அவர்களின் மூச்சைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்பதால் குழந்தைகளுக்குத்தான் காலையில் முதல் ஸ்கேன். பதினொரு வருட வேலை. ஆரம்பத்தில் ஒவ்வொரு குழந்தைக்கு மருந்து ஏறும்போதும் அத்தை பதறுவார். பிறகு பதற்றம் நின்றது. பிறகு எல்லாமே நின்றது... மனசு மரத்துப்போய்விட்டது.

அன்றைக்கு நான்கு வயதுப் பெண் குழந்தை.

"ராத்திரிக்கு அப்புறம் ஏதாவது குடுத்தீங்களா?"

"பச்சத் தண்ணிகூடக் குடுக்கல," என்றாள் குழந்தையின் அம்மா. "சிஸ்டர்... கூடவே இருப்பீங்கல்ல?"

"இருப்பேம்மா." எல்லோரிடமும் சொல்வதுதான். நாக்கு தானாகச் சொன்னது.

மருந்து ஏறியது. குழந்தை துவண்டது. மயக்க மருந்து டாக்டரைப் பக்கத்து ஆபரேஷன் தியேட்டருக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். "அஞ்சே நிமிஷம் சிஸ்டர், பாத்துக்குங்க." ஸ்கேன் அறைக் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் அத்தையும் மெஷினை ஓட்டுகிறவரும் மட்டும். ஸ்பிரிட் வாடை. உள்ளே மெஷின்... டக்... டக்... டக்...

மானிட்டர் கத்தியது. ஒரு நாளைக்குப் பத்து முறை சும்மாவே கத்துகிற மானிட்டர். பொத்தானை அழுத்தி அதன் வாயை அடைத்தார். மூச்சைக் காட்டும் கோடு தட்டையாக ஓடியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் பார்த்தது. மண்டையில் ஏறவில்லை.

நான்கு நிமிடம்.

மண்டையில் ஏறியதும் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடினார். நீலம் பாரித்த உதட்டைத்தான் எதிர்பார்த்தார். மேசையை வெளியே இழுத்தால்... உதடு சிவப்பாக இருந்தது. மூச்சு சீராக வந்தது. மூச்சை அளக்க மூக்கில் வைத்த குழாய் நழுவிக் கிடந்தது; கோடு தட்டையானது அதனால்தான். கழுத்துக்கு அண்டக்கொடுத்த துணிச்சுருளும் நழுவியிருந்தது. அப்படியானால் தலை மடிந்து, நாக்கு சரிந்து, மூச்சு அடைத்திருக்க வேண்டும். ஆனால் தாடை மட்டும் நன்றாகத் தூக்கி நின்றது.

அவர் பார்க்கப் பார்க்க, தாடை சரிந்தது. யாரோ அப்போதுதான் கையை விட்டதுபோல. 'கொர்ர்...' என்று தொண்டை அடைத்தது. விரல் கொடுத்துத் தூக்கினார். மூச்சு வந்தது.

குழந்தை விழித்து அழுதது. டாக்டரிடமும் அம்மாவிடமும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். தாடை விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

மத்தியானம் ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சொல்கிற டாக்டர் போனில் கூப்பிட்டார்.

"உள்ள யாரு கைய வச்சிருந்தீங்க? கடைசி நாலு நிமிஷப் படத்துல தாடைக்கு அடியில அஞ்சு விரல் தெரியுது."

"யாரும் உள்ள போகல டாக்டர்."

"விளையாடாதீங்க. அது பெரியவங்க கையும் இல்ல. எலும்பு வளர்ச்சியப் பாத்தா... ஆறு வயசு இருக்கும்."

அத்தைக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. போனை வைத்தார். வீட்டுக்குப் போனார். தூங்கினார்.

மறுநாள் ஒரு ஆண் குழந்தை. இந்த முறை அவர் வெளியே உட்காரவில்லை. சத்தத்துக்குக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மெஷினை ஒட்டியே நின்றார். மயங்கிய குழந்தை மெஷினுக்குள் போனது. தாடையைத் தாங்கக் கையை உள்ளே விட்டார்.

அங்கே ஏற்கெனவே விரல்கள் இருந்தன. சின்னதாக... சில்லென்று.

அத்தை கையை எடுக்கவில்லையாம். கொஞ்ச நேரத்தில் அந்த விரல்கள் மெல்ல நகர்ந்து, அவருக்கு இடம் விட்டனவாம்.