ஆமிக்காரனோட ஓடுறவள்

— உந்தப் பேப்பரில என்ன படம் கிடக்கெண்டு தெரியுமோடி உனக்கு? உனக்கெங்க தெரியப்போகுது. கண்ணிருக்கிற நான்தானே பார்த்துத் துலைக்க வேணும்.

— என்ன படமணை?

— நீ ஓடுறாய். பக்கத்தில ஒருத்தன். உன்ர கையும் அவன்ர கையும் ஒரு கயித்தில கட்டிக்கிடக்கு. பூசை முடிஞ்சு வெளியில வர ஜெயந்தா கொண்டுவந்து நீட்டுறாள், "மாமி, உங்கட அன்ரனிட்டா ஆமிக்காரனோட ஓடுறாளாம்" எண்டு. கோயில் வாசலில நிண்ட சனம் முழுக்கச் சிரிச்சுது.

— நூறு மீற்றர்தானணை ஓடினனான். அங்கால ஒரு அடி போகேல்லை.

— பகிடி விடாத. இந்தச் சூடை மீன் வெட்டின கையாலயே அறைஞ்சுபோடுவன். அவன் ஆமியோ, இல்லையோ?

— ஆமிதான்.

— சேசுவே!

— பேர் இசுரு. ரெண்டு வரியமாய் அவன்தான் எனக்குப் பக்கத்தில ஓடுறவன். என்னை நங்கி எண்டுதான் கூப்பிடுவான். தங்கச்சி எண்டு அர்த்தம்.

— உனக்கு ஒரே ஒரு அண்ணன்தான். அமலதாஸ். பத்தொன்பது வயசு. இந்த வாசலில இருந்து கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்தவனை, விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டு யூனிபோமோட வந்து ஏத்திக்கொண்டு போனவங்கள். பதினெட்டு வரியமாச்சு. இன்னும் விசாரிச்சு முடியேல்லை.

— இசுருவுக்கு அப்ப எட்டு வயசம்மா.

— வயசை ஆரடி கேட்டது? உடுப்பு அதே உடுப்புத்தானே! உன்ர கண்ணைத் திண்டதும் அந்த உடுப்புத்தான். சின்னமுத்து அம்மை வந்து கண் பொங்கிக் கிடக்கேக்க ஊரடங்கு. உன்னைச் சைக்கிள் பாரில இருத்திக்கொண்டு அமலன் போனவன். மூண்டு தரம் ஆமிச் சென்றியில மறிச்சுத் திருப்பி விட்டவங்கள். நாலாம் தரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர, பிந்தி வந்திட்டியள் எண்டு டொக்டர் சொன்னவர்.

— எனக்கு அந்தச் சைக்கிள் ஞாபகமிருக்கு. அண்ணா மூச்சு வாங்கினதும் ஞாபகமிருக்கு.

— அப்ப எப்பிடியடி மனம் வந்தது? மச்சாள் இந்துஜாவோடதானே ஓடிக்கொண்டிருந்தனி? அவளுக்கு என்ன குறை?

— கடைசி முப்பது மீற்றர்தான் குறை. அவளுக்கு இளைக்கும். பட்டியில நிண்டு அடம்பிடிக்கிற மாட்டை இழுக்கிற மாதிரி நான் அவளை இழுத்துக்கொண்டு ஓடினனான். எத்தினை போட்டி அப்பிடித் தோத்தனான் எண்டு தெரியுமோ உனக்கு? பக்கத்தில ஓடுறவர் என்னைவிட விறுவிறுப்பாய் ஓட வேணுமம்மா. இல்லாட்டி நான் எவ்வளவு ஓடுவன் எண்டு எனக்கே தெரியவராது.

— ஏன், எங்கட பெடியள் ஒருத்தரும் இல்லையாமோ?

— தேடினம். ஒருத்தன் ரெண்டு மாசம் ஓடிப்போட்டுக் கனடாவுக்குப் போட்டான். இன்னொருத்தன், கண் தெரியாதவளோட ஓடினால் தனக்கென்ன கிடைக்கும் எண்டு கேட்டான். இசுரு ஒண்டும் கேட்கேல்லை. ஆமி ஓட்டக்காரரிட்டப் போய் எங்கட கோச் ஆர் ஓடுறியள் எண்டு கேட்க, கை தூக்கினவன்.

— கை தூக்குவாங்கள். எங்களுக்கு மேலயும் தூக்கினவங்கள்.

— நீ இப்பிடித்தான் சொல்லுவாய் எண்டுதான் மறைச்சனான்.

— மறைச்சுப்போட்டு? நான் மாசம் மாசம் யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறி, கொளுத்துற வெயிலுக்க அமலன்ர படத்தைப் பிடிச்சுக்கொண்டு றோட்டுக்கரையில குந்தியிருக்கிறன். பிள்ளையளைத் துலைச்ச மற்றத் தாய்மார் இந்தப் பேப்பரைப் பார்த்தால் என்ன சொல்லுவினம்? தாய் ஒருபக்கம் தேடுறாள், மகள் மற்றப்பக்கம் கை கோத்துக்கொண்டு ஓடுறாள் எண்டுவினம்.

— இந்த வீட்டில நான் எப்பிடி நடக்கிறனான், சொல்லு பாப்பம்?

— என்ன கதையிது?

— சுவரைத் தடவித்தானே நடக்கிறன். கிணத்தடிக்கு உடுப்புக் கொடியைப் பிடிச்சுக்கொண்டுதானே போறன். இருபது வரியமாய்க் கையை முன்னுக்கு நீட்டாமல் நான் ஒரு எட்டு வைச்சதில்லை. அங்க மட்டும்தான் முழு உடம்பையும் விட்டெறிஞ்சு போகலாம். பதின்மூண்டு செக்கன். அந்தப் பதின்மூண்டு செக்கனுக்காகத்தான் போனனான். சரி, விடு. இப்ப அதையும் விட்டுப்போட்டன்.

— என்னத்தை விட்டனி?

— ஓட்டத்தைத்தான். பையோட வந்து நிக்கிறன்தானே.

— யப்பான் போட்டிக்குப் போக இன்னும் மூண்டு கிழமை கிடக்கெண்டு சொன்னனி?

— கிடக்கட்டும்.

— நான் பேப்பரைப் பார்த்தது இண்டைக்கு. நீ வந்தது நேற்று. அப்ப ஆர் உன்னை விடச் சொன்னது?

— ஆர் சொன்னாலென்ன? உனக்குச் சந்தோசம்தானே. மீனைக் காயப்போடு, இலையான் மொய்க்கப்போகுது.

— எனக்கென்ன சந்தோசம்? விடியக்காலமை தலகணிக்குள்ள முகத்தைப் புதைச்சு அழுதனி. கேட்கேல்லை எண்டு நினைச்சியோ? அந்தப் பெடியன் ஏதும்...?

— ஐயோ, வாயைக் கழுவு! அவன் அப்பிடியானவன் இல்லை. ஒருநாள் மழைக்க ஓடேக்க நான் சறுக்கி விழுந்தனான். அவன் கயித்தை விட்டிருந்தால் தப்பியிருப்பான். விடேல்லை. என்னோட சேர்ந்து விழுந்தவன். அவனுக்கு முழங்கால் ரெண்டும் கிழிஞ்சுது. அதுக்குப் பிறகும், நங்கி ஹரித, சரியோ, எண்டு என்னைத்தான் கேட்டவன்.

— ...தாய் இருக்கிறாளாமோ அவனுக்கு?

— ஓம். அவவும் உன்னைப்போலக் கூலிவேலைதான். வயலில.

— சரி, போ.

— எங்க?

— உன்ர ஓட்டத்துக்குப் போ எண்டுறன். அமலனைத் தேடித்தேடி, வீட்டில கிடந்த உன்னை நான் பார்க்கேல்லை. படிக்கிற பிள்ளையோ, ஓடுற பிள்ளையோ, ஒண்டும் எனக்குத் தெரியாது. முதல் முதல் பள்ளிக்கூடத்தில வெண்டு வந்த அண்டைக்கும் நான் றோட்டுக்கரையிலதான் இருந்தனான். ஜெயந்தா சிரிச்சால் சிரிக்கட்டும். எனக்கு அந்தக் கயித்தைப் பார்க்கேலாது, பார்க்கவும் மாட்டன். ஆனால் நீ ஓடு. நாளைக்குக் காலமை நானே கொண்டுவந்து பஸ் ஏத்திவிடுறன்.

— ஏலாதம்மா.

— நான்தான் போ எண்டுறனேடி!

— நீ விட்டாலும் அவை விடமாட்டினம். போன வெள்ளிக்கிழமை இசுருவுக்கு மேல இருக்கிற ஒரு ஆமிப் பெரியவர் கூப்பிட்டுக் கதைச்சவர். நல்ல தமிழ். கதிரையை இழுத்து இருத்தி, தேத்தண்ணியும் தந்தவர். நீ அண்ணான்ர படத்தோட றோட்டில குந்தியிருக்கிற போட்டோ தனக்கு முன்னால மேசையில கிடக்காம். எனக்கெங்க தெரியும், இருந்திருக்கும். "அம்மாவை அதில இருந்து எழும்பச் சொல்லும் பிள்ளை, இசுருவை உம்மோட யப்பானுக்கு விடுறம்" எண்டவர்.

— மாதாவே... நீ என்னடி சொன்னனி?

— என்ர அம்மாவுக்கு இன்னும் விசாரணை முடியேல்லை சேர், அவ எழும்பமாட்டா எண்டு சொல்லிப்போட்டு, தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்தனான்.