விசில் பல் வைத்துத் தந்த டாக்டரம்மாவுக்கு

பல்லிழந்தோர்க்குச் சொல்லீந்த செல்வமே! குழிந்த கன்னங்களைக் குளிர நிமிர்த்திய கொடையே! வலியென்று வந்தோரை வாஞ்சையோடு வரவேற்ற வள்ளலே! செயற்கைப் பல் பிரிவின் தலைவியே! வணக்கம்.

இம்மடலில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மையென, மெழுகு உருக்கும் எங்கள் விளக்கின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறோம். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்தச் சுழல் நாற்காலியருகே நின்றே தேய்ந்தீர்கள். எலும்பில் திருகாணி ஊன்றிப் பல் நடுவதா, பக்கத்துப் பற்களை அரைத்துப் பாலம் கட்டுவதா, கழற்றி மாட்டும் செட்டா என்று வந்தவர் கலங்கி நிற்கையில், அவர் வாயைப் பார்ப்பதற்கு முன்னே அவர் வாழ்க்கையைக் கேட்டீர்கள். தங்கள் பெருமைக்குச் சான்றுகள் ஆயிரம் இருப்பினும், பணி ஓய்வு பெறும் நீங்கள் நாளை முதல் இல்லாத இக்கூடத்தில் எங்கள் நெஞ்சை விட்டு நீங்காதது ஒன்றே ஒன்று. அதை மட்டும் சொல்லி அமைகிறோம்.

ஒரு பெரியவர் வந்தார். ஆடிக்கொண்டிருந்த கடைசி இரண்டு பற்களையும் எடுத்தாகிவிட்டது. திருகாணி ஊன்றினால் எலும்பு அதைப் பற்றிக்கொள்ள மாதங்கள் ஆகும். பாலத்துக்கோ தாங்கப் பல் இல்லை. கழற்றும் செட்டே கதியென்றீர்கள். முத்துக் கோத்தாற்போல் அடுக்கித் தந்தோம். இருபது வயது குறைந்தவராய் வீட்டுக்குப் போனவர், மறுநாள் காலையில் இருபது வயது கூடியவராய்த் திரும்பி வந்தார். நினைவு நழுவிப் படுக்கையில் கிடந்த அவர் மனைவி, அவரை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னாராம்: “யாருங்க? அவரு வெளிய போயிருக்காரு. அப்பறம் வாங்க.”

மனைவிக்கு நாள் எண்ணப்பட்டுவிட்டது என்று உறவினர் சொல்லிக்கொண்டிருந்த நேரம். பெரியவர் உங்களிடம் கேட்டது ஒன்றுதான்.

“அவ போறதுக்குள்ள ஒரு தடவ என்ன அடையாளம் தெரிஞ்சா போதும் டாக்டரம்மா.”

முன்பு முன்பற்களுக்கு நடுவே ஓர் இடைவெளி இருந்ததாகவும், பேசினால் அதன் வழியே விசில் வந்ததாகவும் மெல்லச் சொன்னார். பழைய போட்டோ கேட்டீர்கள். வாய் திறந்த போட்டோ ஒன்றுகூட இல்லையாம். “கல்யாண போட்டோல எந்த மாப்பிள்ளம்மா சிரிச்சான்?” என்றார்.

அளவு தெரியாத இடைவெளியை ஓசையால் அளக்கத் துணிந்தீர்கள். புதுச் செட்டுக்கான மெழுகு அச்சில் பல்லை நகர்த்துவீர்கள். வீட்டில் அவர் தினமும் கேட்கும் கேள்வியைச் சொல்லச் சொல்வீர்கள். “சாவி வாசல்ல இருக்கா?” போதவில்லை. மயிரிழை நகர்த்துவீர்கள். மறுபடியும் சாவி, மறுபடியும் வாசல். மாலைக்குள் கட்டடம் முழுக்க அந்தச் சாவியைத் தேடத் தொடங்கிவிட்டது. கடைசியில் வந்தது பாருங்கள் விசில்! கேன்டீன்காரர் குக்கர் என்றெண்ணி அடுப்பை அணைத்தார். தெருமுனையில் வண்டிகள் நின்றன. போக்குவரத்துக் காவலர் கிளப்பிவிட்ட பிறகே நகர்ந்தன. பெரியவர் மட்டும் அசையாமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். “இதுதான்” என்றார்.

மறுநாள் அவர் வந்து சொன்னதை எழுதக் கை கூசுகிறது. வாசலிலிருந்தே அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். அம்மாள் தலையைத் திருப்பி, “வந்துட்டீங்களா? சாப்டீங்களா?” என்றாராம்.

அந்த மாதம் முடிவதற்குள் அம்மாள் போய்ச் சேர்ந்தார். பெரியவர் செட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து உங்கள் மேசைமேல் வைத்தார். “இனி யாருக்கும்மா இது?” என்றார். அதைக் கழுவி, துடைத்து, உங்கள் கையாலேயே அவர் வாயில் மாட்டிவிட்டீர்கள். “சாப்பிடணும்ல” என்றீர்கள். பிறகு எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். உள்ளே நோயாளி யாரும் இல்லை. நாங்களும் கதவைத் தட்டவில்லை.

அறிவால் உயர்ந்து, அன்பால் பணிந்து, அலுப்பை மட்டும் எங்களிடம் காட்டாமல் மறைத்த அம்மையே! இனிமேல் எவர் வாயையும் குனிந்து பார்க்க வேண்டாத உங்கள் முதுகு நிமிரட்டும். நோயற்று, நிறைந்த ஆயுளோடு, சொந்தப் பல்லால் மென்று, பல்லாண்டு வாழ்க! நாளைக் காலை யார் அந்த நாற்காலியைச் சுழற்றினாலும், அது நீங்கள் நின்ற பக்கமே திரும்பும் என்பது உறுதி.

பிரிவாற்றாமையுடன்,
செயற்கைப் பல் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர், மெழுகு மேசைக்காரர்கள், காவலர், கேன்டீன்காரர்.

பின்குறிப்பு: அந்தப் பெரியவர் நம்மிடம் வருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே அவர் மனைவிக்கு இரண்டு காதும் கேட்காமல் போயிருந்தது. அம்மாளைத் திருப்பியது விசிலா, பல்லிடுக்கா என்று நாங்கள் அவரைக் கேட்கவில்லை.