ஹேசல் ஓடையும் ஆறடி நகர்ந்த ஹோஸும்

மீன் பிடிப்பவர்களில் பொய் சொல்லாதவன் இந்த உலகத்தில் ஒரே ஒருவன்தான். அது நான். மற்றவர்கள் கையை விரித்துக் காட்டும் நீளத்தில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும். நான் அளவுகோல் வைத்து அளந்து, வால் நுனியில் சந்தேகம் வந்தால் குறைத்தே சொல்வேன். இதை முன்கூட்டியே சொல்லக் காரணம், இனி வருவதையும் நீங்கள் நம்ப வேண்டும்.

பென்சில்வேனியாவில் எங்கள் தெருவுக்குப் பின்னால், கார் கழுவும் இடத்துக்கும் பல் மருத்துவமனைக்கும் நடுவே ஓடுவது ஹேசல் ஓடை. ஓடிவந்து தாண்டினால் ஷூ நனையாது. அதில் ட்ரவுட் இருந்தது. பண்ணையில் வளர்த்து அரசாங்க லாரியில் கொண்டுவந்து கொட்டும் மீன் இல்லை, அங்கேயே பிறந்தது. ஏப்ரலில் அந்த லாரி மீனுக்காக மற்ற ஓடைகளில் தோளோடு தோள் இடித்து, தூண்டில் இரைக்கு ரோஸ் கலர் மாவை உருட்டிக்கொண்டு, சீசன் திறக்கும் காலை எட்டு மணி எப்போது ஆகும் என்று நிற்கிற கூட்டத்தை நான் மீன் பிடிப்பவர்களாகவே சேர்ப்பதில்லை. அவர்கள் சூப்பர் மார்க்கெட் திறக்கக் காத்திருப்பவர்கள். நான் கொக்கியில் இறகால் பொய்ப்பூச்சி கட்டிப் பிடிப்பேன். தண்ணீருக்குள்ளேயே மீனைக் கழற்றி விட்டுவிடுவேன்.

பக்கத்து வீட்டு லொரெட்டா ஹோஸ்டெட்டர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அறுபது வயது. ஓடைக்கு வந்தால் மடக்கு நாற்காலி, வாளி, ரோஸ் மாவு டப்பா. கல்லூரியில் படிக்கிற என்னைக் கிண்டலாகப் புரொபசர் என்பார்.

"என்ன புரொபசர், பிடிச்சு முத்தம் குடுத்துத் திருப்பி அனுப்புறதுக்கு எதுக்குப் பிடிக்கிற? போன்ல பேசிடலாமே."

"அதுக்கும் உயிர் இருக்குல்ல, மிஸஸ் ஹோஸ்டெட்டர்."

"வாயில ஊசி குத்தும்போது அது ஞாபகம் வராதாக்கும்."

நான் தூண்டிலை மறுபடி வீசினேன்.

பாலத்துக்குக் கீழே பெரியது ஒன்று இருந்தது. தாடையில் வெள்ளைத் தழும்பு, பதினேழேகால் அங்குலம். மூன்று வருடத்தில் நான்கு முறை பிடித்துத் திரும்ப விட்டிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், மே மாதம், கல்லூரி விடுமுறையில் நான் வந்த அன்று லொரெட்டா அதைப் பிடித்து வெண்ணெயில் பொரித்துத் தின்றார். அதைப் பொறுத்துக்கொண்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் அதற்காக நான் எதுவும் செய்யவில்லை.

படம் போட்டார். அதுதான். பிடித்து விடுகிற எங்கள் ஆட்கள் மீனைப் படம் எடுத்தால், இடம் தெரிந்துவிடாதபடி, பின்னணியில் ஒரு மரம்கூட அடையாளம் தெரியாது. இவர் பாலத்தின் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிய எடுத்து, ஊர் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டார். சனிக்கிழமை பதினான்கு பேர் வந்தார்கள். பதினான்கு வாளி.

"சந்தோஷத்துல போட்டுட்டேன்பா. என் வாழ்க்கையிலேயே பிடிச்ச பெரிய மீன்," என்றார் லொரெட்டா. "ஓடை என்ன உன் பேர்லயா இருக்கு?"

செவ்வாய்க்கிழமை அவர் தன் வீட்டு நீச்சல் குளத்தைக் கோடைக்குத் தயார் செய்தார். நிறைய குளோரின் கொட்டினார். மழையில் குளம் நிரம்பியிருந்ததால் கொஞ்சம் தண்ணீரை பம்ப் போட்டுப் புல்வெளியில் விட்டார். முந்தின வருடம் அந்த பம்ப்பின் ஹோஸ் குழாயைத் தெருவின் மழைநீர் வடிகாலில் விடப் போனவரை நான்தான் தடுத்தேன். வடிகால் நேராக ஓடைக்குப் போகிறது, குளோரின் பட்டால் ஒரு மீன் மிஞ்சாது என்று விளக்கினேன். அன்றிலிருந்து புல்வெளிதான். என் பேச்சைக் கேட்கிறவர்.

இரண்டரை மணிக்குப் பேருந்து ஓட்டக் கிளம்பினார். நான் ஹோஸை ஆறடி நகர்த்தினேன். அவ்வளவுதான். அவர் திரும்பி வரும் நாலு மணிக்கு முன்னால் மறுபடி புல்வெளியில் போட்டிருக்கலாம். போடவில்லை.

மறுநாள் காலை ஓடை முழுக்க வெள்ளை வயிறு. மீன்வளத்துறை அதிகாரி ஸ்வைகார்ட்டுக்குப் பொறுக்கி எண்ண உதவினேன். அவர் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினார். முந்நூற்றுப் பதினான்கு. இரண்டு குஞ்சுகளை விட்டுவிட்டார், திருத்தினேன்.

லொரெட்டா முழங்கால் தண்ணீரில் நின்று பொறுக்கினார். "புல்லுலதான் சார் போட்டேன். சத்தியமா புல்லுலதான்."

"ஹோஸ் நடந்தா போச்சு?" என்றார் ஸ்வைகார்ட். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, உனக்கு ஏதாவது தெரியுமா?"

"போன வருஷமே வடிகால்ல விடாதீங்கன்னு சொன்னேன் சார்," என்றேன். அதில் ஒரு சொல் பொய் இல்லை.

அபராதம் போட்டார்கள். மீன் பிடிக்கும் உரிமத்தைப் பறித்தார்கள். ஊர் ஃபேஸ்புக் பக்கத்தில் அவரைப் பற்றி எழுதியதை நான் ரசிக்கவில்லை, எழுத்துப்பிழை அதிகம். பேருந்தில் பிள்ளைகள் 'மீன் கொலைகாரி' என்று கத்துகிறார்கள் என்று வேலையை விட்டார். அடுத்த வசந்தத்தில் வீட்டை விற்றுவிட்டு மகள் ஊருக்குப் போனார். போகும்போது நாற்காலியையும் டப்பாவையும் எங்கள் வாசலில் வைத்தார்.

"எனக்கு இனிமே எதுக்கு, புரொபசர். நீ ஒருத்தன்தான் அன்னைக்கு என்னைத் திட்டல."

அந்தப் பதினான்கு பேரிடமிருந்து ஓடையைக் காப்பாற்றியது யார் என்று அவர் யோசித்துப் பார்க்கவே இல்லை.

ஓடையில் மீன் இல்லாததால் இந்த வருடம் அரசாங்க லாரி வந்து கொட்டியது. இன்று ஏப்ரல் முதல் சனிக்கிழமை. எட்டு மணிக்கு இன்னும் நான்கு நிமிடம். இரண்டு கரையிலும் தோளோடு தோள்.

"முன்னாடி இங்க மீன் இருந்துச்சா?" என்றார் பக்கத்தில் நிற்பவர்.

"எனக்குத் தெரியாதுங்க," என்று சொல்லிவிட்டு, லொரெட்டாவின் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, டப்பாவைத் திறந்து ரோஸ் மாவைக் கிள்ளி உருட்டினேன்.