குதிரை நுழையாத வாசல்

— வாசலை ஒரு முழம் உயர்த்து. நாளைக்குள்ள முடியணும்.

— அட என் சுத்தியலே! பானைக்கு மூடி மாத்துற மாதிரி சொல்றீங்களே ஐயா. இந்த வளைவு மேலதான் கோயிலோட பாதிச் சுவர் உட்கார்ந்திருக்கு. நடுவுல இருக்கிற பூட்டுக்கல்லை உருவினா மேல இருக்கிறது அத்தனையும் கீழ வரும். அப்போ நீங்க கீழ நின்னீங்கன்னா, உங்க வீரத் துறவிகள் சபைக்கு ஒரு கோட்டைத் தலைவர் குறைச்சல்.

— ஊரோவானா, நான் சொல்றேன் இல்ல? இது கட்டளை.

— கட்டளை எனக்குப் புரியுது. கல்லுக்கும் புரியணுமே.

— வாயாடாத. நாளன்னிக்கு மிக்கேல் சம்மனசு திருநாள், ஆயர் வந்து கோயிலை மந்திரிக்கப் போறார். நாளைக்கே சபையோட மேலாளர் எர்மீகோ சோதனைக்கு வர்றார். அவர் முன்னாடி நான் குதிரையோட உள்ள போகணும். அதுதான் முறை. எருசலேம்ல நாங்க எல்லாரும் குதிரையோடதான் கோயிலுக்குள்ள போவோம்.

— அப்படியா! இத்தனை நாள் இந்த முறையை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? இந்த வாசலைத் தாழ்வா வைக்கச் சொன்ன மகராசன் யாருன்னு ஞாபகம் இருக்கா?

— யாரு? இந்த வேலையை ஆரம்பிச்ச உன் புருஷனா?

— அவர் மேல பழி போடாதீங்க, செத்தவர் வந்து பதில் சொல்ல மாட்டார். நீங்கதான். இதே இடத்துல நின்னுதான் சொன்னீங்க. "மதில் விழுந்தாலும் நாம கடைசியா ஒதுங்குற இடம் இந்தக் கோயில். தெற்கே இருந்து படையெடுத்து வர்ற மூர்க்காரன் எவனும் குதிரையோட உள்ள நுழையக் கூடாது. இறங்கணும், குனியணும், தலையை நீட்டணும். மீதியை நாம பார்த்துக்குவோம்"னு. சொல்லிட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சீங்க. அவரும் சிரிச்சார்.

— சொன்னேன். நல்லாத்தான் சொல்லியிருக்கேன்.

— நல்லாத்தான் சொன்னீங்க. அதனாலதான் நாங்களும் நல்லாக் கட்டியிருக்கோம். இனி இந்த வாசல்ல எந்தக் குதிரையும் நுழையாது. அது மூர்க்காரன் குதிரையா, சிவப்புச் சிலுவை போட்ட நம்ம கோட்டைத் தலைவர் சுவேரோ ஐயா குதிரையான்னு வாசலுக்கு என்ன தெரியும்?

— சரி, வடக்குப் பக்கம் மாட்டுவண்டி போக ஒரு வழி விட்டிருந்தியே? அதைத் திற.

— போன வாரம் அதை அடைக்கச் சொல்லிக் குதிச்சதும் நீங்கதான். "மேலாளர் வர்றார், ஓட்டையும் உடைசலுமா இருக்கக் கூடாது"ன்னு. சுண்ணாம்பு இன்னும் ஈரமா இருக்கு. இப்போ கடப்பாறை வச்சா பக்கத்துத் தூணும் சேர்ந்து பேசும்.

— உன்னை இந்த வேலைக்கு வச்சதே தப்பு. பொம்பளை கையில கோயிலான்னு எல்லாரும் தலையில அடிச்சுக்கிட்டாங்க. நான் ஒருத்தன்தான் வச்சேன்.

— வச்சீங்க. அதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். அதனாலதான் ஐயா, இது உங்க தலையில விழக் கூடாதுன்னு பார்க்கிறேன். ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க. இப்போ குதிரையை விட்டு இறங்குங்க. உள்ள வந்து அந்தச் சுவரைக் கையால தொட்டுப் பாருங்க. அதுக்கு அப்புறமும் உடைன்னு சொன்னீங்கன்னா, முதல் அடியை நானே அடிக்கிறேன்.

— எனக்கு இங்கிருந்தே தெரியுது.

— இறங்குங்க ஐயா.

— இறங்க மாட்டேன்.

— மாட்டேனா? முடியாதா?

— என்னடி பேச்சு இது?

— முன்னெல்லாம் நீங்க சாரத்துல குரங்கு மாதிரி ஏறுவீங்க. "இந்தக் கல்லு கோணல், அந்தக் கல்லு கோணல்"னு எங்க உயிரை வாங்குவீங்க. கோடை முடிஞ்சதுல இருந்து ஒரு தடவை கூட ஏறலை. மதில் பார்க்கிறதும் குதிரை மேல, கொத்தனைத் திட்டுறதும் குதிரை மேல. நேத்து சுட்ட கஷ்கொட்டை குடுத்தேன், அதையும் குதிரை மேலேயே தின்னீங்க. பாவம் அந்தக் குதிரை, ஒண்ணு கீழ விழாதான்னு பார்த்துக்கிட்டே நின்னுச்சு.

— வேற யாருக்குத் தெரியும்?

— தெரிஞ்சிருந்தா இந்நேரம் ஆத்தங்கரை வரைக்கும் பாட்டாப் பாடியிருப்பாங்க. எப்படி ஆச்சு?

— செசரே ஆத்துல, கடந்து போற அந்தப் பாறைத் துறையில குதிரை வழுக்கிடுச்சு. நான் கீழ, அது மேல. இடுப்புல ஏதோ முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. உட்கார்ந்தா வலி இல்லை. நடந்தா... நடக்கிறதுன்னு அதைச் சொல்ல முடியாது. விடியறதுக்கு முன்னாடி தொழுவத்துல, தண்ணித் தொட்டி மேல நின்னு, குதிரைக்காரன் தோளைப் பிடிச்சு ஏறிடுவேன். எல்லாரும் அடங்கினப்புறம் அதே தொட்டி மேல இறங்குவேன். சாமி சத்தியமா, வேற யாருக்கும் தெரியாது.

— அப்போ எருசலேம்? அங்க நிஜமாவே குதிரையோடதான் போவாங்களா?

— பொய். அங்க எவன் விடுவான்? சாணியை யாரு அள்ளுறது?

— அட என் சுத்தியலே! கோயில்ல சத்தியம் பண்ணின வாய் ஐயா அது!

— சிரிக்காத. சபை விதி உனக்குத் தெரியுமா? தானா ஏறி இறங்க முடியாதவன் குதிரையையும் வாளையும் திருப்பிக் குடுத்துடணும். அப்புறம் சாந்தாரெம்ல இருக்கிற நோயாளி விடுதி. ஒரு பெஞ்சு, ஒரு போர்வை, ஒரு கிண்ணம் கஞ்சி. வெயில் நகர நகர பெஞ்சையும் நகர்த்துவாங்க. காட்டை வெட்டினதுல இருந்து இந்தக் கோட்டையை எழுப்பினவன் நான். அங்க உட்கார்ந்து எவன் இருமுறான்னு எண்ணிக்கிட்டு இருக்கவா? எனக்குப் பயமா இருக்கு ஊரோவானா. மூர்க்காரங்க ஏணி போட்டு ஏறினப்போ கூட இப்படிப் பயந்ததில்லை.

— அந்த எர்மீகோ ஐயா எப்படிப்பட்ட ஆளு? சொன்னா இரங்குவாரா?

— இரங்குறதா! இரும்பு. வர்ற வழியில எத்தனை கோட்டை பார்த்துட்டார், எங்கேயும் ஆளுங்க முன்னாடி சேணத்தை விட்டு இறங்கவே இல்லையாம். ரொட்டி, ஆலிவ், ஒயின் எல்லாம் குதிரை மேலேயே. கண்டிப்புன்னா அப்படி. போன கோட்டையில ஒரு சகோதரன் லேசாக் காலை இழுத்தானாம். அன்னிக்கே வண்டியில ஏத்தி அனுப்பிட்டார்.

— சரி, கேளுங்க. வாசலை உடைக்கிறது நடக்காது. ஆனா வாசல் ஓரத்துல ஒரு கல் மேடை போட்டுத் தர்றேன், தொட்டி உயரத்துக்கு. "ஆயர் நின்னு ஆசீர்வாதம் குடுக்க"ன்னு சொல்லிடலாம். நீங்க அதுல இறங்கி...

— இறங்கி? பீடம் வரைக்கும் யாரு நடக்கிறது? ஆயரா?

— நான் தோள் குடுக்கிறேன்.

— கோட்டைத் தலைவன் மேஸ்திரியம்மா தோளைப் பிடிச்சுக்கிட்டுப் பூசைக்குப் போவான். நல்லா இருக்கும்.

— ஊதுறாங்களே! கீழ் வாசல்ல கொம்பு ஊதுறாங்க ஐயா!

— நாளைக்குத்தானே வரணும்... அந்த வெள்ளை அங்கி அவர்தான். பாலத்தைத் தாண்டிட்டார்.

— இப்போ என்ன பண்றது? குதிரையைத் திருப்புங்க, தொழுவத்துக்குப் போயிடுங்க. காய்ச்சல்னு நான் சொல்லிடறேன்.

— இல்லை. ஒளிஞ்சது போதும். இந்த வாசல் வழியா நுழையறவன் இறங்கி, குனிஞ்சுதான் நுழையணும்னு சொன்னது நான். முதல் ஆள் நானாவே இருக்கேன். கடிவாளத்தைப் பிடி.

— ஐயா, மேடை கூட இல்லையே!

— பிடின்னு சொல்றேன் இல்ல?

— பார்த்து... பார்த்து... ஐயோ!

— தொடாத! நானே எழுந்துக்கிறேன். தொடாத. ...சரி, பிடி.

— யாரது கீழ விழுந்து கிடக்கிறது? கோட்டைத் தலைவர் சுவேரோ எங்கே?

— விழுந்து கிடக்கிறவன்தான் சுவேரோ. வாங்க, சகோதரர் எர்மீகோ. மன்னிக்கணும், இதுக்கு மேல நிமிர்ந்து நிக்க முடியாது. இந்தப் பக்கம் நிக்கிறது ஊரோவானா, கோயிலைக் கட்டின மேஸ்திரி. நீங்க கேட்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். எனக்கு இடுப்பு போயிடுச்சு. தானா ஏற முடியாது, இறங்கினா என்ன ஆகும்னு இப்போ பார்த்தீங்க. இந்தாங்க வாள். குதிரை அங்க நிக்குது. என்னைவிட நல்லா ஓட்டுறவனுக்குக் குடுங்க.

— எத்தனை நாளா இப்படி?

— கோடை முடிஞ்சதுல இருந்து.

— யாருக்கும் தெரியாமலா? எப்படிச் சமாளிச்சீங்க?

— தொழுவத்துல தண்ணித் தொட்டி மேல நின்னு ஏறுவேன்.

— தொட்டி மேல. ம்.

— ஐயா, நான் ஒரு வார்த்தை சொல்லலாமா? இவர் இல்லைன்னா இந்தக் கோட்டை இல்லை. நொண்டிக்கிட்டு இருந்தாலும் மதில்ல ஒரு கல்லு அசைஞ்சா இவருக்குத்தான் முதல்ல தெரியும். இவரைப் பெஞ்சுல உட்கார வச்சா நஷ்டம் சபைக்குத்தான்.

— விடு ஊரோவானா. நான் பயந்தது நடந்து முடிஞ்சிடுச்சு. பார்த்தா இவ்வளவுதான். சகோதரரே, தண்டனையை அப்புறம் சொல்லுங்க, முதல்ல கோயிலைப் பாருங்க. நான் வாழ்க்கையில செஞ்ச ஒரே நல்ல காரியம் உள்ள இருக்கு. எட்டுத் தூண். நடுவுல நின்னு மெதுவா ஒரு ஜெபம் சொன்னா சுவரே திருப்பிச் சொல்லும். வாங்க, நான் காலை இழுத்துக்கிட்டே காட்டுறேன்.

— ஆமாங்கய்யா, இறங்குங்க. கடிவாளத்தை நான் பிடிச்சுக்கிறேன்.

— வேண்டாம்.

— ஏன் ஐயா? இவ்வளவு தூரம் வந்துட்டு உள்ள பார்க்காமலா?

— மேஸ்திரியம்மா, இந்த வாசல் ஏன் இவ்வளவு தாழ்வா இருக்கு? எருசலேம்ல நாங்க எல்லாரும் குதிரையோடதான் கோயிலுக்குள்ள போவோம்.