எண்பத்தாறு ஆடுகளைக் குளிப்பாட்டிய ஆய்வாளருக்கு

சங்கரன்கோவில் ஆட்டு நோய் ஆய்வு நிலையத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் அருந்தொண்டு ஆற்றி, இம்மாத இறுதியில் ஓய்வு பெறும் கால்நடை ஆய்வாளர், பெருமதிப்பிற்குரிய திரு. ஆவுடையப்பன் அவர்களுக்கு, நிலையப் பணியாளர்கள் நெஞ்சம் நெகிழ வாசித்தளிக்கும் மடல்.

கரிசல் காட்டுக் கால்நடைகளின் கண்கண்ட காவலரே! மேலநீலிதநல்லூர் முதல் சிவகிரி வரை மிதிவண்டிச் சக்கரம் தேயத் தேயச் சென்று, மேய்ப்பர் மனம் கோணாமல் மருந்து புகட்டிய மாண்பாளரே! ஊசியை எடுக்குமுன் ஆட்டின் பெயரைக் கேட்கும் அதிசய மனிதரே! வணக்கம்.

பாராட்டு மடல் என்றால் புகழ்ச்சியை மூட்டை மூட்டையாக இறக்குவது ஊர் வழக்கம். நாங்களும் மூட்டைகளைக் கட்டித் தயாராகத்தான் வைத்திருந்தோம். ஆனால் சென்ற வாரம் நீங்கள் எங்கள் எழுத்தர் சிவனாண்டியின் மேசை முன் வந்து நின்று, "குளிப்பாட்டின கதைய விட்டுட்டு மிச்சத்த எழுதுனீருன்னா, கண்ணாடிச் சட்டம் போட்டுக் குடுத்தாலும் நான் வாங்க மாட்டேன் வே" என்று சொல்லிவிட்டீர்கள். சொன்னால் சொன்னபடி செய்பவர் என்பதால், உங்கள் பெருமையை உங்கள் பிழையிலிருந்தே தொடங்குகிறோம்.

அது 1976ஆம் ஆண்டுக் கோடை. கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் மூவர், கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சிக்காக முதன்முறையாக நம் நிலையத்திற்கு வந்தார்கள். அவர்களுள் முன்னின்றவர் கடையநல்லூர் மைதீன் பாட்சா. பெருமாள்சாமி, சுந்தரம்மாள் தம்பதியரின் மந்தையில் இருந்த எண்பத்தாறு ஆடுகளே அவர்களுடைய ஆய்வுக்களம். ஒற்றைப்படை எண் கொண்ட ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து உண்டு. இரட்டைப்படை ஆடுகளுக்கு இல்லை. வாரந்தோறும் எடை போட்டு, புழுக்கையை நுண்ணோக்கியில் பார்த்து, ஆறு வாரத்தில் மருந்தின் பலனை அளக்க வேண்டும். காதில் எண் வில்லை மாட்டப் போனபோது பெருமாள்சாமி ஒரேயடியாக மறுத்துவிட்டார். காதில் இருப்பது அவருடைய குடும்பத்து அடையாள வெட்டு. அதில் அயலார் துளை போடுவதா? வேறு வழியின்றி, நம் ஊர்த் தறிக்காரர்களிடம் ஊதா நிற நூல் சாயம் வாங்கி, ஆட்டின் முதுகில் எண் எழுதினார்கள்.

ஆறாம் வாரம் பேராசிரியர் வருவதாகத் தந்தி வந்தது. கடைசி எடையை அவர் முன்னிலையில் போட வேண்டும். ஆய்வு ஒழுங்காக இருந்தால் பயிற்சி ஆண்டுதோறும் இங்கே நடக்கும். இல்லாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடும். மூன்று மாணவர்களின் உழைப்பும் நம் நிலையத்தின் மானமும் அந்த ஒரு நாளை நம்பி இருந்தன. நீங்களோ, பெரியவர் வரும்போது பிள்ளைகளைக் குளிப்பாட்டி நிறுத்தும் குடும்பத்தில் பிறந்தவர். அதே பழக்கத்தில், "ஆடுகளக் குளிப்பாட்டி நிறுத்துங்க" என்று பெருமாள்சாமிக்கு ஆள் அனுப்பிவிட்டீர்கள். சாயம் உங்கள் நினைவுக்கே வரவில்லை!

மறுநாள் காலை ரயிலில் வந்த பேராசிரியரை அழைத்துக்கொண்டு போனோம். பம்புசெட்டுத் தொட்டியருகே எண்பத்தாறு ஆடுகளும் பளபளவென்று நின்றன. ஒன்றின் முதுகிலும் எண் இல்லை. சுந்தரம்மாளுக்குத்தான் முகம் கொள்ளாத பூரிப்பு. "பெரியவுக வாராகன்னு சொல்லி விட்டீகளே அண்ணாச்சி! உவர்மண்ணு போட்டு, ஒரு பொட்டுச் சாயம் இல்லாமத் தேச்சு எடுத்துட்டோம்லா!" என்றார். மைதீன் பாட்சா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இதற்கு யார் பொறுப்பு என்று பேராசிரியர் கேட்டார். நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். நீங்கள் ஒருவர் மட்டும் முன்னே வந்தீர்கள். "நான்தான் சொல்லி விட்டேன் சார். அந்தப் பிள்ளைகளயும் குத்தம் சொல்லாதீக, இந்த அம்மாளயும் குத்தம் சொல்லாதீக. தப்பு என் மேல" என்றீர்கள். அன்று உங்கள் அருகில் வந்து நிற்காதது எங்களுக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

பிறகு உங்கள் காக்கிப் பையிலிருந்து அந்த நோட்டு வெளியே வந்தது. மேய்ப்பவர்கள் ஆட்டை எண் சொல்லி அழைப்பதில்லை. "மூக்குச்சுட்டிக்கு வயிறு ஊதிப் போச்சு" என்றுதான் சொல்லிக்கொண்டு வருவார்கள். அதனால் ஒவ்வோர் எண்ணுக்கு எதிரிலும் சுந்தரம்மாள் வைத்த பெயரை நீங்கள் எழுதி வைத்திருந்தீர்கள். 'ஆட்டு ஜாதகம்' என்று நாங்கள் அந்த நோட்டைக் கேலி செய்திருக்கிறோம். அரசாங்கக் காகிதம் வீணாகிறது என்று முணுமுணுத்தவர், இம்மடலை எழுதும் இதே சிவனாண்டிதான்!

நீங்கள் பெயரை வாசிக்க வாசிக்க, சுந்தரம்மாள் கூட்டத்துக்குள் புகுந்து ஆட்டைப் பிடித்து நிறுத்தினார். மூக்குச்சுட்டி வந்தாள். கொம்பொடிஞ்சான் வந்தான். மருமகள் சீதனமாகக் கொண்டுவந்த செவலை வந்தாள். பேராசிரியர் சும்மா விடவில்லை. நோட்டைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, பெயர்களை முன்னும் பின்னுமாக மாற்றிக் கேட்டார். வந்து நின்ற ஆட்டின் எடையைப் போன வாரத்து எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிற்பகலுக்குள் எண்பத்து நான்கு ஆடுகள் தம் எண்ணைத் திரும்பப் பெற்றன.

மிஞ்சியவை இரண்டு. ஒரே ஈற்றில் பிறந்த இரட்டை, இரண்டுக்கும் பெயர் கறுப்பி. ஒன்றுக்கு எண் 31, மற்றதற்கு 58. போன வார எடையும் ஒன்றே. ஒன்று மருந்து குடித்தது, மற்றது குடிக்காதது; எது எது என்று சுந்தரம்மாளாலும் சொல்ல இயலவில்லை. "ரெண்டுதானே அண்ணாச்சி, ஏதாவது ஒண்ணப் போட்டுருங்க" என்று உங்கள் காதைக் கடித்தவர்கள் நாங்கள்தாம். நீங்கள் திரும்பியும் பாராமல், இரு எண்களுக்கு எதிரிலும் 'தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டீர்கள்.

பேராசிரியர் அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்தார். "எண்பத்தாறும் சரி என்று எழுதியிருந்தால் நான் ஒன்றைக்கூட நம்பியிருக்க மாட்டேன். இந்த இரண்டால்தான் மற்ற எண்பத்து நான்கையும் நம்புகிறேன். அடுத்த ஆண்டும் மாணவர்கள் இங்கேதான் வருவார்கள்" என்றார். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சொன்னபடியே வந்தார்கள். இந்தக் கோடையோடு பத்துப் பயிற்சி முகாம்கள் நிறைவுற்றன. பதிவேட்டில் எண்ணுக்கு அடுத்த கட்டம் இன்று 'மேய்ப்பர் வைத்த பெயர்'. அன்று தரையில் உட்கார்ந்த மைதீன் பாட்சா, இன்று டாக்டராக இவ்விழாவின் முன்வரிசையில் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். இப்போதாவது தரையை விட்டு எழுந்தாரே என்று மகிழ்கிறோம்!

குறித்த நேரத்தில் வந்து எங்கள் கடிகாரங்களைக் கூச வைத்தவரே! தடுப்பூசி போடாமல் போட்டதாகக் கணக்குச் சொன்னால் எரிந்து விழுந்து, அடுத்த நொடியே டீ வாங்கிக் கொடுத்தவரே! இம்மடலிலும் ஒரு கட்டத்தை உங்கள் வழியிலேயே நிரப்புகிறோம். அடுத்த மே மாதம் மாணவர்கள் பேருந்தை விட்டு இறங்கியதும், ஆவுடையப்பன் அண்ணாச்சி எங்கே என்று கேட்பார்கள். அவர்களிடம் என்ன சொல்லப் போகிறோம்? தெரியவில்லை. ஆனால் முகாம் நடக்கும். நோட்டும் பெயர்களும் இருக்கும். தப்பு நேர்ந்தால் முன்னே வந்து நிற்க இம்முறை ஆள் இருக்கும். அதற்கு நாங்கள் பொறுப்பு.

தங்கள் துணைவியார் கோமதியம்மாளுடனும் மக்களுடனும், மிதிவண்டி மிதிக்கும் கால் வலுவும், ஆட்டை அடையாளம் காணும் கண் ஒளியும் குன்றாமல், நூறாண்டு கடந்தும் நலமாக வாழ்வீர்கள்! சங்கரநாராயணரும் கோமதி அம்பாளும் துணை நிற்பார்கள்.

சங்கரன்கோவில்
28.6.1985

இங்ஙனம்,
ஆட்டு நோய் ஆய்வு நிலையப் பணியாளர்கள்

சுந்தரம்மாள் (கைநாட்டு)

பின்குறிப்பு: கையெழுத்துகளுக்குக் கீழே இருக்கும் ஊதா நிறப் பெருவிரல் ரேகை, தறிக்காரர்களிடம் வாங்கிய அதே சாயத்தில் வைத்தது. வைத்துவிட்டு அந்த அம்மாள் சொன்னதையும் அப்படியே எழுதுகிறோம்: "சீக்கிரம் கண்ணாடி போட்டு மூடிருங்க. அண்ணாச்சி இதயும் குளிப்பாட்டச் சொல்லிரப் போறாக!"