டைவாவுக்காக நான் பேசினேன்

ஜெர்மன் கடினமான மொழி என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. சோவியத் கலைந்த மறுவருடம் இங்கே ஆஸ்திரியாவில், ஸ்டெயர் நகரத்து எந்திரத் தொழிற்சாலையில் பொறியாளனாகச் சேர்ந்தேன். சீக்கிரமே மேலதிகாரியின் கிண்டலுக்குப் பதில் கிண்டல் செய்யும் அளவுக்குத் தேறிவிட்டேன். ஆகவே, இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் எனக்காக மெதுவாகப் பேச வேண்டியதில்லை.

என் மனைவி டைவாவுக்குத்தான் அது வரவில்லை. லிதுவேனியாவில், கௌனாஸ் நகரத்தில், அவள் பாட்டு டீச்சர். தெருவில் இறங்கினால் ஆள்மாற்றி ஆள் நிறுத்திப் பேசுவார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். எனக்கு அங்கே 'டைவா வீட்டுக்காரர்' என்றுதான் பெயர். ஆஸ்திரியாவுக்கு வந்ததும் இது தலைகீழானது. ரொட்டிக் கடையில்கூட என் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அது எனக்குப் பிடித்திருந்தது. மறைப்பதில் அர்த்தமில்லை.

முதல் தடவை நடந்தது சாதாரண விஷயம். டைவா பாடிக்கொண்டே சமைத்துக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டு ஐக்னர் அம்மாள் ஆப்பிள் கேக்கோடு மேலே வந்தார்.

"உங்க வீட்டம்மாவுக்கு என்ன குரல். வியாழக்கிழமை எங்க சர்ச்சுல பாட்டு கோஷ்டி கூடும், அனுப்பி வைங்க. பாடறதுக்குப் பாஷை எதுக்கு?"

"என்ன சொல்றாங்க?" என்றாள் டைவா.

உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை ஆறிக்கொண்டிருந்தது. எனக்குப் பசி.

"சத்தத்தைக் குறைச்சுக்கச் சொல்றாங்க."

"அப்புறம் கேக் எதுக்கு?"

"இந்த ஊர்ல திட்டினாலும் மரியாதையாத்தான் திட்டுவாங்க."

டைவா முகம் சிவந்து திரும்பத் திரும்பத் தலைகுனிந்தாள். ஐக்னர் அம்மாள் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார். பிறகு டைவா வீட்டில் பாடவில்லை. கேக் நன்றாக இருந்தது.

அப்புறம் எல்லாம் சுலபமாகிவிட்டது. மொழி வகுப்பில் இடமில்லை என்றேன். பூக்காரி சிரித்தால், கேலி செய்கிறாள் என்றேன். மாலையில் நான் வரும்வரை டைவா ஜன்னலருகே காத்திருப்பாள்.

இரண்டாம் குளிர்காலத்தில் ஒருநாள், "நான் ஊருக்கே போறேன் ரிமாஸ். அக்கா வீட்ல இருந்துக்கறேன். இங்க யாருக்கும் என்னைப் பிடிக்கல" என்றாள். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருந்தது. அதை டாக்டரிடம் காட்டிவிட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு.

சோதனை முடிவு வந்த அன்று டாக்டர் அவளையே பார்த்துப் பேசினார். நல்ல மனிதர்.

"புத்துநோய்தான். ஆனா ஆரம்பத்துலயே பிடிச்சுட்டோம். இந்த மாசமே ஆபரேஷன் பண்ணிடலாம். பிழைச்சுக்குவீங்க."

அவள் அக்கா ஆல்டோனா கௌனாஸில் நர்ஸ். உண்மை தெரிந்தால் டைவா அன்றே ரயிலேறியிருப்பாள். ஆபரேஷனும் அங்கே, மிச்ச வாழ்க்கையும் அங்கே. நான் அதிகம் யோசிக்கவில்லை.

"வெறும் கொழுப்புக் கட்டியாம்," என்றேன். "ஆனா ஒரு வருஷம் இவர் கண்காணிப்புலயே இருக்கணுமாம். பயணம் கூடாதாம்."

அவள் நிம்மதியில் சிரித்துவிட்டாள். டாக்டர் திகைத்தார். ஆபரேஷன் வேண்டாம் என்கிறாள் என்று அவரிடம் சொன்னேன். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உயிர் விஷயம்மா. தயவுசெஞ்சு யோசிங்க" என்று கெஞ்சினார்.

தினமும் ஆற்றங்கரையில் நடக்கச் சொல்கிறார் என்று அவளுக்கு மொழிபெயர்த்தேன். கண்டிப்பாக நடப்பதாகச் சொல்லச் சொன்னாள். கடவுள் விட்ட வழி என்கிறாள் என்று டாக்டரிடம் சொன்னேன்.

"தைரியமான பெண்," என்றார் அவர். அதை மட்டும் அப்படியே சொன்னேன்.

அக்காவிடம் தொலைபேசியில் டைவாவே கொழுப்புக் கட்டி என்றுதான் சொன்னாள். தினமும் மாலையில் என்ஸ் ஆற்றங்கரையில் கைகோத்து நடந்தோம். எங்கள் மணவாழ்வின் மிக நல்ல நாட்கள் அவை. அவள் இளைத்தபோது, நடப்பது வேலை செய்கிறது என்றேன்.

அடக்கத்துக்கு வந்த ஆல்டோனா, ஜெர்மன் தெரிந்த எங்கள் நாட்டுப் பாதிரியார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரைப் பார்த்திருக்கிறாள். திரும்பி வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"டைவா ஆபரேஷன் வேண்டாம்னு சொன்னாளாமே. எந்தப் பாஷையில சொன்னா?"

அவளுக்கு என்னை ஆரம்பத்திலிருந்தே ஆகாது.

நீங்கள் கொலை என்கிறீர்கள், ஐயா. நடந்த எதையும் நான் மறுக்கவில்லை. அந்தச் சொல்லோடுதான் எனக்கு உடன்பாடில்லை. கடைசி வாரம் டைவா என் கையை விடவே இல்லை. "நீ மட்டும் இல்லன்னா இந்த ஊர்ல என் கதி என்ன ஆயிருக்கும்?" என்றாள்.

கொன்றவனிடம் யாராவது இப்படிப் பேசுவார்களா?