சுபேதார் எண்ணிய வேட்டுகள்

1971 டிசம்பர். காலை ஆறு இருபது. முதலில் கண்ணில் பட்டது தேநீர்க் கெட்டில். அது காற்றில் இருந்தது. அதைப் பிடித்திருந்த சமையற்காரர் தரையில் கிடக்கிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கெட்டில் திரும்பி வரவில்லை.

அடுத்த குண்டு ஆற்றில். சேறு எங்கள் மேல் கொட்டுகிறது. ஓடுகிறோம். பூட்ஸ் சேற்றில் சிக்குகிறது. ஒருவன் பூட்ஸை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடுகிறான்.

"படு! எல்லாரும் படு!"

கத்தியவர் சுபேதார் ராஜமாணிக்கம். கண்ணமங்கலத்துக்காரர். 1943இல் பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தவர். பர்மாவில் பாலங்களை வெடிவைத்துத் தகர்த்தார். இப்போது கிழக்கு எல்லையில் பாலம் போட வந்திருக்கிறார். நான் அவருடைய பிரிவில் சிப்பாய். பெயர் கரீம். வாணியம்பாடி.

எதிர்க்கரையில் ஆறு பீரங்கிகள். ஒவ்வொன்றும் ஒரு குண்டு போடும். பிறகு ஓய்வு. அந்த ஓய்வில் ஓடலாம். அடுத்த பள்ளம் வரை. மூன்று நாளாக இப்படித்தான் உயிரோடு இருக்கிறோம். சுபேதார் எண்ணுவார். ஆறு ஆனதும் "ஓடு!" என்பார். ஓடுவோம்.

அன்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். பள்ளத்தில் என் பக்கத்தில் போளூர் முருகேசன். அவனும் எண்ணினான். நான்காவது விழுந்தது. உடனே ஒரு சத்தம். அடுத்து ஐந்தாவது. நடுவில் கேட்டது எங்கள் பின்னாலிருந்த எங்கள் பீரங்கி. முருகேசன் அதையும் சேர்த்துவிட்டான்.

"ஆறு! வாங்கடா!"

எழுந்தான். அவன் குரலைக் கேட்டு மூன்று பேர் எழுந்தார்கள். நானும் ஒரு முழங்காலை ஊன்றினேன்.

"அஞ்சுதான்! படுங்கடா! அஞ்சுதான்!"

சுபேதார் என் இடுப்பு வாரைப் பிடித்துக் கீழே இழுத்தார். ஆறாவது வந்தது. சத்தம் எனக்குப் பாதிதான் கேட்டது. இடது காதில் அதற்குப் பிறகு எதுவும் கேட்டதில்லை. தலையைத் தூக்கினேன். நான்கு பேர் நின்ற இடத்தில் புகை. ஒரு கை பள்ளத்தின் விளிம்பில் இருந்தது. கடிகாரம் கட்டிய கை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மாலை சுபேதார் எங்களை வரிசையில் நிறுத்தினார். முகத்தில் காய்ந்த சேறு. கழுவவில்லை.

"இனிமே எண்றது ஒருத்தன். அது நான். வேற எவனாவது வாயில எண்ணுனா நானே சுட்டுடுவேன். ரெண்டு பேரு எண்ணுனா ரெண்டு கணக்கு வரும். புரிஞ்சுதா?"

புரிந்தது. போர் முடியும் வரை வேறு யாரும் எண்ணவில்லை. அந்த ஆற்றங்கரையில் அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் யாரும் சாகவுமில்லை.

என்னைக் காது போனதற்காக அனுப்பிவிட்டார்கள். ஒரு நாளிதழுக்கு வாணியம்பாடி நிருபரானேன். சுபேதார் ஓய்வு பெற்று மனைவியின் ஊரான ஆலங்காயத்துக்கு வந்தார். கடைத்தெருவின் கோடியில் தகரக் கொட்டகை போட்டார். கிணற்று வெடி வேலை. பாறையைப் பிளந்து கிணறு தோண்டுவது. உளி, சம்மட்டி, வெடிமருந்துத் தோட்டா, திரி. அரசாங்க உரிமம் சுவரில் தொங்கியது. ஜவ்வாது மலை ஊர்கள் எல்லாவற்றிலும் அவருக்கு வேலை இருந்தது. மலையில் பாறைக்குப் பஞ்சமில்லை.

அவர் நல்ல சுபாவக்காரர் என்று எழுத மாட்டேன். கை நீளும். ஆட்களை அறைவார். தோட்டாப் பெட்டிக்குப் பக்கத்தில் பீடி பற்றவைத்த ஒருவனைச் சம்மட்டிப் பிடியால் அடித்தார். அவனுக்கு விலா எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு அவரே தூக்கிக்கொண்டு போனார். அவன் குணமாகித் திரும்பி வந்து அவரிடமே வேலை கேட்டான். அவன் பெயர் ஏழுமலை. கடைசி வரை அவரோடு இருந்தவன் அவன்தான்.

செய்தி சேகரிக்க ஆலங்காயம் போனால் கொட்டகைக்குப் போவேன்.

"இன்னா கரீமு, இன்னைக்கி பேப்பர்ல இன்னா பொய் எய்தின?"

"நீங்க சொன்னதத்தான் எழுதுனேன், சாப்."

"அப்ப பொய்தான்."

அவர் மனைவி சரோஜா அம்மா உள்ளேயிருந்து சொல்வார்: "பாய், இவுரு வூட்டுல தோசய கூட எண்ணித்தான் துன்றாரு. நான் எண்ணக் கூடாதாம்."

அவர் சிரிக்க மாட்டார். தோசையை எண்ணுவார்.

வெடி வேலையிலும் அதே சட்டம். கிணற்றின் அடியில் ஏழு குழி போட்டால் ஏழு திரி. ஒவ்வொரு திரியும் வேறு நீளம். ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். சேர்ந்து வெடித்தால் எண்ண முடியாது. எண்ணாவிட்டால் வெடிக்காத தோட்டா அடியில் கிடப்பது தெரியாது. ஒன்று குறைந்தால் அன்று யாரும் இறங்கக் கூடாது. எண்ணுவது அவர் மட்டும். புகை அடங்கியதும் முதலில் இறங்குவதும் அவர்தான். "எண்ணுனவன் எறங்கணும்" என்பார். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் அந்தத் தொழில் செய்தார். ஓர் ஆளும் சாகவில்லை.

1986 வைகாசி. காவலூரைத் தாண்டி ஒரு சிற்றூர். பொன்னுசாமிக் கவுண்டர் நிலம். இரண்டு வருடமாகச் சாமை சரியாக விளையவில்லை. குடிக்கவும் தண்ணீர் இல்லை. பெண்கள் ஓடைக்கு இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். கிணறு முப்பது அடிக்கு வந்திருந்தது. அடியில் கறுப்புப் பாறை. அதன் ஒரு மூலையில் ஈரம் கசிந்தது. இன்னும் ஒரு வெடி வைத்தால் ஊற்று திறக்கும் என்றார் சுபேதார். மலைக் கிணறுகளைப் பற்றி எழுத நானும் ஜீப்பில் போயிருந்தேன்.

முந்தின நாள் மாலை கோடை மழை பெய்திருந்தது. குழிகளில் தண்ணீர். ஏழுமலை துணியால் ஒற்றி எடுத்தான். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் பக்கத்து ஊரில் காளியம்மன் திருவிழா. மேளம் கேட்டது. மலையில் அம்மன் புறப்படும்போது அதிர்வேட்டுப் போடுவார்கள். இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்து வெடிப்பது. சத்தம் மலை மடிப்புகளில் உருளும்.

சுபேதார் அதை மறக்கவில்லை. திரி வைப்பதற்கு முன் கவுண்டரைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"கோயில்ல வேட்டு எத்தினி?"

"மூணுங்க. எப்பவும் மூணுதாங்க."

"எப்போ?"

"சாமி எய்ந்தா போடுவாங்க. அத யாரு சொல்றது?"

"மூணுன்னா சரி. எனக்கு ஏழு. கூட மூணு கேட்டா பத்து. கழிச்சிக்கிறேன்."

ஏழுமலை சொன்னான்: "சாப், திருநாள் முடிஞ்சி வச்சிக்கலாமே. நாளைக்கி."

"நாளைக்கின்னா இவங்க குடிக்கிறதுக்கு நீ ஒண்ணுக்கு வுடுவியா? போடா, செவப்புத் துணிய எடு."

காலை பதினொன்றேகால். சுபேதார் திரிகளைப் பற்றவைத்துவிட்டு மேலே ஏறி வந்தார். ஏழுமலை சிவப்புத் துணியை ஆட்டினான்.

"வேட்டேய்! வேட்டேய்! ஒதுங்கிக்கோ! வேட்டேய்!"

பாறைக்குப் பின்னால் படுத்தோம். நான் வலது காதைத் தரையில் வைத்தேன். முதல் வெடி நெஞ்சில் கேட்டது. கல் மழை. இரண்டாவது. மூன்றாவது. சுபேதார் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். நான்கு. ஐந்து. ஒரு பலாமரக் கிளை முறிந்து விழுந்தது. பிறகு ஒன்று. பிறகு ஒன்று. எல்லாச் சத்தமும் எதிர் மலையில் மோதித் திரும்பியது. எது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் எண்ணவில்லை. யாரும் எண்ணவில்லை.

அவர் மடக்கிய விரல்களைப் பார்த்தார். ஏழு.

மூன்று சத்தம் கூட வருமா என்று காத்திருந்தார். வரவில்லை. மேளம் மட்டும் கேட்டது.

"ஏழும் போச்சி. கோயில்ல இன்னும் போடல."

புகை அடங்கக் காத்திருந்தோம். கவுண்டர் தண்ணீர் வந்திருக்குமா என்று கேட்டார். சுபேதார் பூட்ஸ் நாடாவை இறுக்கினார். கடப்பாரையைத் தோளில் மாட்டி, கயிற்றைப் பிடித்து இறங்கினார். அறுபத்திரண்டு வயது. நிதானமாக இறங்கினார். அடியிலிருந்து குரல் வந்தது.

"ஈரம் நல்லா கீது. ஏழுமலை, வாடா."

ஏழுமலை கயிற்றில் இறங்கினான். பாதி வழியில் அவன் பார்த்ததைப் பிறகு என்னிடம் மூன்று முறை சொன்னான். மூன்று முறையும் ஒரே மாதிரி சொன்னான். சுபேதார் ஒரு பெரிய கல்லின் கீழ் கடப்பாரையைச் செருகி நெம்பியிருக்கிறார். கல் ஒரு முழம் எழும்பியிருக்கிறது. அதன் அடியில் ஒரு குழி. குழியில் தோட்டா. பாதி எரிந்து அணைந்த திரி. கல்லை விட்டால் அது தோட்டாவின் மேல் விழும்.

அவர் கத்தியது மேலே எங்களுக்கும் கேட்டது.

"ஆறுதான்! மேல போடா! ஆறுதான்!"

ஏழுமலை ஏறினான். கயிறு ஆடியது. கவுண்டரும் நானும் கயிற்றை இழுத்தோம். எட்டிப் பார்த்தேன். சுபேதார் கடப்பாரையின் மேல் படுத்திருந்தார். முழு உடம்பையும் அதன்மேல் போட்டிருந்தார். அவர் முதுகு மட்டும் தெரிந்தது. சட்டை நடுங்கியது.

"ஏறிட்டானா?"

"இல்ல சாப்! இருங்க!"

ஏழுமலையின் கை விளிம்பைப் பிடித்தது. தலை வந்தது. இடுப்பு வந்தது. அவனை இழுத்து வெளியே போட்டோம்.

"ஏறிட்டானாடா?"

"ஏறிட்டான்! ஏறிட்டான் சாப்! கயிறு போடறேன், புடிங்க!"

அவர் இரண்டு கையும் கடப்பாரையில். கயிற்றைப் பிடிக்க ஒரு கை வேண்டும். கயிற்றை வீசினேன். அது அவர் முதுகில் விழுந்தது. அங்கேயே கிடந்தது. கவுண்டர் என் கழுத்தைப் பிடித்துப் பின்னால் தள்ளினார்.

வெடித்தது.

கடப்பாரை மேலே வந்தது. வளைந்திருந்தது. கிணற்றிலிருந்து பத்தடி தள்ளி விழுந்தது. கயிற்றை இழுத்தேன். லேசாக வந்தது. நுனி கருகியிருந்தது. பக்கத்து ஊரில் மேளம் நிற்கவில்லை.

மாலை வரை இறங்கி எடுத்தோம். முதலில் நான் இறங்கினேன். எடுத்ததை ஒரு கோணிச் சாக்கில் கட்டினோம். ஒரு பூட்ஸ் கிடைத்தது. மற்றது கிடைக்கவில்லை. சரோஜா அம்மா சாக்கைப் பிரிக்கச் சொல்லவில்லை. பூட்ஸை மட்டும் வாங்கிக்கொண்டார். அதன் நாடாவை அவிழ்த்து, சேற்றைத் துடைத்து, திரும்பக் கட்டினார்.

நான் அனுப்பிய செய்தி நான்கு வரி வந்தது. மலையில் கிணறு வெட்டும்போது வெடி விபத்து, முன்னாள் ராணுவ வீரர் பலி. ஊர்ப் பெயரில் பிழை இருந்தது.

ஆற்றங்கரையில் போனவர்கள் நான்கு பேர். போளூர் முருகேசன். குடியாத்தம் தேவராஜ். செங்கம் அந்தோணி. ஆரணி பச்சையப்பன். என் இடது காது. கிணற்றில் போனவர் ஒருவர். கண்ணமங்கலம் ராஜமாணிக்கம். ஏழுமலை பிழைத்தான். வெடி வேலைக்கு அவன் பிறகு போகவில்லை. கிணற்றில் நாற்பது நாள் யாரும் இறங்கவில்லை. தண்ணீர் தானாக வந்து நின்றது. ஊர் அதைக் குடித்தது.

சுபேதார் போனதற்கு மறுநாள் காலை பள்ளத்தாக்கைக் கடந்து திருவிழா நடந்த ஊருக்குப் போனேன். அதிர்வேட்டு போடுகிறவரைக் கண்டுபிடித்தேன். கோயிலுக்குப் பின்னால் குழாய்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நேற்றுப் பதினொன்றரைவாக்கில் வேட்டுப் போட்டீர்களா என்று கேட்டேன்.

"மூணு கெட்டிச்சி வச்சிருந்தோங்க. முந்தா நேத்து மழையில ரெண்டு நமுத்துப் போச்சி. ஒண்ணுதாங்க வெடிச்சிது."